பத்ரிநாத்துக்குக் கவுன்சிலர் யார்?

பத்ரிநாத் போய் வந்தவர்கள் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தப்தகுண்டத்து வெந்நீர், நீலகண்ட சிகரத்தில் விழும் காலை வெயில், வழியில் சரிந்து கிடக்கும் மலை, கால் கடுக்க நின்ற தரிசன வரிசை. எல்லாம் எனக்கும் கிடைத்தது, குறையொன்றும் இல்லை. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருப்பது ஓர் அறிவிப்புப் பலகை. பேரூராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு, எந்த ஊருக்குப் போனாலும் பலகை படிக்கும் வியாதி விடாது. ஊருக்குள் வரும் வண்டிகளுக்கு நகர் பஞ்சாயத்து சுற்றுச்சூழல் கட்டணம் வாங்குகிறது. அது சம்பந்தமான பலகையின் அடியில் செயல் அலுவலர் என்ற பதவிப்பெயர் மட்டும் இருந்தது. தலைவர் பெயர் இல்லை. துணைத்தலைவர் இல்லை. கைகூப்பிச் சிரிக்கும் வார்டு உறுப்பினர் படம் இல்லை. கழிப்பறைக்குக் கதவு மாட்டினால்கூட யார் முயற்சியால் மாட்டப்பட்டது என்று எழுதிவைக்கும் நாட்டில் இது கொஞ்சம் விசேஷம்தான்.

டீக்கடையில் உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். "பையா, இங்கே கவுன்சிலர் யார்?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன ஆச்சு சாப்? ஏதாவது தொலைந்துபோச்சா? போலீஸ் சௌக்கி அந்தப் பக்கம். கோவில் விஷயமென்றால் கமிட்டி ஆபீஸ்." இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றேன். "அப்படி யாரும் கிடையாது. இங்கே தேர்தலே நடக்காதே" என்று சொல்லிவிட்டு, என்னோடு வந்திருந்த என் மாமியாருக்கு இஞ்சி கூடப் போட்ட டீயை நீட்டினார். "மாதாஜி, சூடாகக் குடியுங்கள். மூச்சு வாங்காது."

மூன்றாயிரத்து நூறு மீட்டருக்கு மேலே, ரிஷிகேஷிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் மலைப்பாதையின் முடிவில் இருக்கிற ஒரு நகர் பஞ்சாயத்து. நம் கணக்கில் பேரூராட்சி. சட்டப்படி அது நகரம். குப்பை வாருகிறது, விளக்கு போடுகிறது, கட்டணம் வசூலிக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் மட்டும் இல்லை. உத்தராகண்டில் பத்ரிநாத், கேதார்நாத், கங்கோத்ரி மூன்றுக்கும் இதே நிலைமை. அங்கே நிலையாகக் குடியிருப்பவர்கள் இல்லை, அதனால் தேர்தல் இல்லை, அரசு அமர்த்தும் அதிகாரி நிர்வாகம் பார்ப்பார் என்பது ஏற்பாடு. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை எங்கள் அலுவலகத்தில் மனப்பாடமாகச் சொல்வோம். நகராட்சி இடங்கள் நேரடித் தேர்தலால்தான் நிரப்பப்பட வேண்டும் என்கிறது அது. அந்தச் சட்டம் மலையேறும்போது மூச்சு வாங்கி எங்கோ உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது.

அக்டோபரில் எண்ணிய ஊர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்ரிநாத் நகர் பஞ்சாயத்தின் மக்கள்தொகை 2,438. கங்கோத்ரியின் எண்ணிக்கை வெறும் 110. அதுவும் ஒரு நகரம்! எங்கள் பேரூராட்சியில் ஒரு தெருவில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். இந்த எண்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாடு முழுக்க 2011 மார்ச் 1ஆம் தேதியை வைத்து எண்ணினார்கள். பனி மூடும் பகுதிகளுக்கு மட்டும் 2010 அக்டோபர் 1. மார்ச்சில் போனால் எண்ண ஆள் இருக்காது என்பதுதான் காரணம். அக்டோபரில் கோவில் திறந்திருக்கும், கடை நடக்கும், சமையல்காரர், சுமை தூக்குபவர், அறை துடைக்கும் பையன் எல்லோரும் மேலே இருப்பார்கள். ஆக 2,438 என்பது ஓர் ஊரின் குடிமக்கள் எண்ணிக்கை என்பதைவிட, அன்றைக்கு வேலையில் இருந்தவர்களின் வருகைப்பதிவு என்று சொல்லலாம். அதில் பெரும்பகுதி ஆண்கள் என்பதும் அதனால்தான். பெண்களும் பிள்ளைகளும் கீழே, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருக்கிற ஊர்களில்.

அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற இடத்துக்கு 2023இல் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட யாத்ரீகர்கள் வந்தார்கள். ஆறேழு மாதத்துக்குள். குப்பை வண்டி எத்தனை நடை போயிருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தொழில் புத்தி.

கோவில் எப்போது திறக்கும் என்பதை முடிவு செய்வதும் இந்த ஊர் இல்லை. வசந்த பஞ்சமி அன்று, ரிஷிகேஷுக்கு மேலே நரேந்திர நகர் அரண்மனையில், தெஹ்ரி அரச குடும்பத்தின் முன்னிலையில் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கிறார்கள். அபிஷேகத்துக்கான நல்லெண்ணெயும் அதே அரண்மனையில் சுமங்கலிப் பெண்கள் ஆட்டித் தருவது. சமஸ்தானம் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, தேதி குறிக்கும் உரிமை போகவில்லை. மூலஸ்தானத்தில் பூஜை செய்யும் ராவல் கேரளத்து நம்பூதிரி. லக்ஷ்மி சன்னதியும் நைவேத்தியச் சமையலும் டிம்ரி குடும்பங்களுக்கு. யாத்ரீகர்களுக்குச் சங்கல்பம் செய்துவைக்கும் பண்டாக்கள் தேவப்ரயாக்காரர்கள். கோவில் வரவு செலவு 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த கமிட்டியிடம். இப்படி ஒவ்வொரு வேலைக்கும் பரம்பரையாகவோ சட்டப்படியோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். மிச்சமிருக்கிற சாக்கடை, கழிப்பறை, தெருவிளக்குக்கு நகர் பஞ்சாயத்து.

இதையெல்லாம் கேட்டபோது என் முதல் அபிப்பிராயம் என்னவென்றால், சரியான ஏற்பாடுதான், விடுங்கள் என்பது. இதற்குக் காரணம் என் அனுபவம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்து, அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் முழுக்கத் தனி அலுவலர் ஆட்சி. அலுவலகத்துக்குள் இருந்தவர்களைக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்: வேலை சுலபம். தீர்மானம் வைத்தால் அன்றைக்கே பதிவேட்டில் ஏறும். வெளிநடப்பு இல்லை, மைக்கைப் பிடுங்குவது இல்லை, எந்த ஒப்பந்தம் யார் மச்சானுக்கு என்ற பஞ்சாயத்து இல்லை. வெளியே இருந்தவர்களுக்குத்தான் கஷ்டம். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் ராத்திரி எட்டு மணிக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில், ஆறு மாதம் பனியில் மூடிக் கிடக்கும் ஊருக்கு மன்றம் எதற்கு, ராத்திரி எட்டு மணிக்குத் தட்டக் கதவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு தமாஷும் உண்டு. 2025 ஜனவரி 23 அன்று உத்தராகண்டில் 100 நகர உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தேர்தல் நடந்தது. பத்ரிநாத்தையும் சேர்த்திருந்தால் வாக்குப்பெட்டியைப் பனியைத் தோண்டித்தான் வைத்திருக்க வேண்டும். உற்சவ மூர்த்திகள்கூட அப்போது மேலே இருப்பதில்லை. குபேரரும் உத்தவரும் பாண்டுகேஷ்வருக்கு இறங்கிவிடுகிறார்கள்.

மாணாவில் உடைந்த கணக்கு

மறுநாள் மாணாவுக்குப் போனோம். பத்ரிநாத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். 'இந்தியாவின் கடைசி கிராமம்' என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2022 அக்டோபரில் பிரதமர் வந்துபோன பிறகு 'முதல் கிராமம்' என்று எழுதிவைத்துப் படம் எடுக்கிறார்கள். மாமியார் சரஸ்வதி நதியைப் பார்த்தே தீருவேன் என்று ஒரு கையில் கோலும் மறு கையில் என் மனைவியுமாகப் படியேறினார். முதுகு வளைந்து கோலூன்றித் தள்ளாடும் முன்பே வதரியை, அதாவது இந்தப் பத்ரியை, வணங்கப் போவோம் என்று திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார், நான் கோலோடு வந்து அவரைத் தோற்கடித்துவிட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கல்படிகளின் இரண்டு பக்கமும் பெண்கள் கம்பளி விற்கிறார்கள். போட்டியா என்ற மலைச் சமூகத்தவர்கள். ஒரு காலத்தில் கணவாய் தாண்டித் திபெத்தோடு உப்பும் கம்பளியும் வியாபாரம் செய்தவர்கள். 1962 போரோடு அது நின்றுபோனது. ஒரு வீட்டுத் திண்ணையில் மாமியாரை உட்காரவைத்துவிட்டு, குல்லாய் பின்னிக்கொண்டிருந்த பெண்மணியிடம் பேச்சுக் கொடுத்தேன். கை ஊசியை விட்டு எடுக்காமல் பேசினார். கண் எங்கள் மேல், விரல் தன் பாட்டுக்குக் கண்ணியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. நடை சாத்தும் நாளில் பெருமாளுக்குப் போர்த்துகிற நெய் தடவிய கம்பளி இந்த ஊர்க் கன்னிப்பெண்கள் நெய்து கொடுப்பது என்று பெருமையாகச் சொன்னார். தன் கல்யாணத்துக்கு முன்னால் தானும் அதில் உட்கார்ந்ததுண்டாம்.

"குளிர்காலத்தில் நீங்களும் கீழே போய்விடுவீர்கள்தானே, தீதி?"

"ஊரே போகும். கோபேஷ்வர் பக்கம் எங்கள் குளிர்கால வீடுகள். நடை திறக்கும்போது ஊரே திரும்ப வரும்."

"அப்படியென்றால் உங்களுக்கும் தேர்தல் கிடையாதா?"

ஊசி ஒரு நொடி நின்றது. "ஏன் கிடையாது? எங்களுக்குப் பிரதான் இருக்கிறாரே. இப்போதுதான் இந்த வழியாகப் போனார்." பிரதான் என்றால் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்.

கீழே இருக்கிற 'நகரத்தில்' குடிமக்கள் நிலையாக இல்லை, அதனால் தேர்தல் இல்லை. அதற்கு மேலே, அதைவிடக் குளிரான, அதே மாதங்களில் காலியாகிற கிராமத்தில் தேர்தல் உண்டு, பிரதான் உண்டு. பனிதான் காரணம் என்று நான் கட்டியிருந்த கணக்கு அந்தத் திண்ணையிலேயே உடைந்தது. பனி எல்லோர் மேலும்தான் விழுகிறது.

வித்தியாசம் அவர் சொன்ன 'ஊரே' என்பதில் இருக்கிறது என்று பிறகு யோசித்தபோது புரிந்தது. மாணாக்காரர்கள் மொத்தமாக இறங்கி மொத்தமாக ஏறுகிறார்கள். கீழே போனாலும் அக்கம்பக்கம் அதே முகங்கள், அதே சண்டை, அதே பிரதான். பாண்டுகேஷ்வருக்கும் பத்ரிநாத்தை ஒட்டிய பாமணி கிராமத்துக்கும் நடுவில் போய்வருகிறவர்களும் அப்படியே. பத்ரிநாத் பஜாரில் இருப்பவர்கள் நடை சாத்திய மறுநாள் திசைக்கொருவராகப் பிரிகிறார்கள். பண்டா தேவப்ரயாகுக்கு, கடைக்காரர் ஜோஷிமட்டுக்கோ ஸ்ரீநகருக்கோ, ஹோட்டல் பையன் சமவெளிக்கு, பல்லக்கு தூக்குபவர் நேபாளத்துக்கு. ஒவ்வொருவருக்கும் வாக்கு வேறெங்கோ இருக்கிறது, கடைசி ஆளுக்கு வேறு நாட்டில். வருஷத்தில் பாதி நாள் ஒரே சாக்கடை வாசனையை முகர்ந்தும் அவர்கள் சேர்ந்து ஓர் ஊர் ஆகவில்லை. பலகையில் பெயர் போட ஆள் இல்லாததற்கு இதுதான் காரணம்.

குளிர்காலத்தில் அங்கே ஆளே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. ராணுவமும் எல்லைப் போலீஸும் இருக்கிறார்கள், சாலை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று மாணா அருகே எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர் முகாம் மேல் பனிச்சரிவு விழுந்தது. சிக்கிய 54 பேரில் 46 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளிகள். அக்டோபர் கணக்கிலும் வராதவர்கள்.

இடிக்கும்போது யாரைக் கேட்பது

மன்றம் இல்லாததால் ஒன்றும் குடிமுழுகிப்போகவில்லை என்று யாராவது வாதாடினால் அவர்களுக்கு மாஸ்டர் பிளானைக் காட்டலாம். 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பத்ரிநாத்தையே மாற்றிக் கட்டும் திட்டம். ஆற்றங்கரையை அகலப்படுத்துவது, கோவிலைச் சுற்றி வெளி உண்டாக்குவது, வருகிறவர்கள் தங்கவும் நிற்கவும் வசதி. நான் போனபோதும் ஜேசிபி சத்தம் ஓயவில்லை. கோவிலைச் சுற்றிப் பாதி நின்ற சுவர்கள், கம்பி நீட்டிய தூண்கள், நீலத் தகர வேலி. திட்டமே தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். 18 லட்சம் பேர் அந்தச் சந்துகளில் நெருக்கியடிப்பதைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் வேலை நடந்த விதத்தில் ஒரு ஓட்டை தெரிகிறது. கடைகளும் வீடுகளும் போனவர்கள் போராடினார்கள். 2024 மே மாதம், நடை திறந்த சூட்டோடு, வி.ஐ.பி. தரிசனத்தையும் பாமணிக்குப் போகும் பழைய வழி அடைபட்டதையும் எதிர்த்துப் புரோகிதர்களும் ஊர்க்காரர்களும் தெருவில் உட்கார்ந்தார்கள். அந்த மழைக்காலத்தில் கரையில் வேலை நடக்கும்போதே அலக்நந்தா பெருகித் தப்தகுண்டத்தின் விளிம்பு வரை வந்தது. சாதாரண ஊரில் இதெல்லாம் மன்றக் கூட்டத்தில் கூச்சலாக வெடித்திருக்கும். கூச்சல் போட்டால் நின்றுவிடும் என்று இல்லை. ஆனால் பதிவேட்டில் ஏறும். யார் எதிர்த்தார், யார் கையெழுத்துப் போட்டார் என்று பத்து வருஷம் கழித்தும் புரட்டிப் பார்க்கலாம். எழுத்தராக இருந்தவன் சொல்கிறேன், அது சின்ன விஷயம் இல்லை.

அங்கே இருக்கிறவர்கள் வாயில்லாப் பூச்சிகள் என்றும் நினைக்க வேண்டாம். 2019 டிசம்பரில் சார்தாம் (பத்ரிநாத்தோடு சேர்த்து உத்தராகண்டின் நாலு தலங்கள்) தேவஸ்தான வாரியச் சட்டம் வந்து கோவில்கள் அரசு வாரியத்தின் கீழ் போனபோது, புரோகிதர்கள் இரண்டு வருஷம் விடாமல் எதிர்த்து, 2021 நவம்பர் கடைசியில் முதல்வரே வாபஸ் என்று அறிவிக்கும்படி செய்தார்கள். அடுத்த சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல் இருந்தது, அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கோவில் உரிமை என்றால் நாலு தாமும் ஒரே குரலில் பேசும். பஜார் சந்தில் ஒரு கடை போவதற்கு அந்தக் குரல் எழும்பாது.

சட்டமன்றத்தில் பத்ரிநாத் என்றொரு தொகுதி இருக்கிறது. 2024 ஜூலை இடைத்தேர்தலில் அங்கே காங்கிரஸ் ஜெயித்தபோது, அயோத்திக்குப் பிறகு பத்ரிநாத்திலும் பா.ஜ.க. தோற்றது என்று நாடெங்கும் தலைப்புச் செய்தி. ஓட்டுப் போட்டவர்கள் ஜோஷிமட், கோபேஷ்வர், போக்ரி பக்கத்து மக்கள். நாடே பேசிய பத்ரிநாத் தேர்தலில் பத்ரிநாத்தின் சாக்கடையைப் பற்றி யாரும் பேசியிருக்க முடியாது.

எங்களுக்குச் சங்கல்பம் செய்துவைத்த புரோகிதர் கொஞ்சம் தமிழ் பேசுவார். தென்னிந்திய யாத்ரீகர்களோடு பழகிப் பழகி வந்த தமிழ். எங்கள் முன்னோர்களே தெற்கிலிருந்து வந்தவர்கள்தான் என்று அவர்கள் குடும்பத்தில் சொல்வார்களாம். திரும்பி வந்ததும் அவருக்குப் போன் போட்டு, மாமியார் நலம் என்று சொல்லிவிட்டு, இந்த யோசனையை அவிழ்த்துவிட்டேன். பத்ரிநாத்துக்கும் மன்றம் வேண்டும், தேர்தல் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாமே?

அவர் சிரித்தார். "அண்ணாஜி, என் ஓட்டு தேவப்ரயாக்கில் இருக்கிறது. வீடு அங்கே, பசங்க படிக்கிறது அங்கே, அம்மாவுக்கு டாக்டர் அங்கே. அதை எடுத்து மேலே வைப்பேனா? என் மாதிரிதான் எல்லோரும். நீங்கள் தேர்தல் வைத்தால் நிற்க நூறு பேர் வருவார்கள், போட ஆள் வரமாட்டான்."

"அப்போ இப்படியே இருக்கட்டும் என்கிறீர்களா?"

"அப்படிச் சொல்லவில்லை. இடிக்கிற மெஷின் வருவதற்கு முன்னால் ஒருத்தர் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். பண்டா ரெண்டு பேர், கடைக்காரர் ரெண்டு பேர், பாமணியிலிருந்து ஒருத்தர், மாணாவிலிருந்து ஒருத்தர். ஓட்டுப்பெட்டி எதற்கு? ஒரு தரி போதும், தரையில் விரித்து உட்கார."

சட்டப்படி அதற்கு என்ன பெயர் வைப்பது என்று என் எழுத்தர் மூளை உடனே ஓட ஆரம்பித்தது. ஆலோசனைக் குழு என்றால் பல் இல்லை. நியமன மன்றம் என்றால் யார் நியமிப்பது என்ற கேள்வி. பருவகால வாக்காளர் பட்டியல் என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. கிடையாது என்பதால் கூடாது என்றும் இல்லை. பனிக்காக எண்ணுகிற தேதியையே தள்ளிவைத்த அரசாங்கம்தானே இது. அடுத்த கணக்கெடுப்புக்கு நாட்டின் பிற பகுதிகளில் 2027 மார்ச் 1, உத்தராகண்டின் பனிப் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1 என்று அறிவித்தாயிற்று. எண்ணுவதற்கு வளைகிற விதி, அவர்கள் சொல்வதைக் கேட்பதற்கு ஏன் வளையக்கூடாது என்று கேட்டேன்.

"அதை ஆபீஸரிடம் கேட்க வேண்டும்" என்றார் அவர். ஆபீஸர் அடுத்த சீசனில் அங்கேயே இருப்பாரா, மாற்றலாகிவிடுவாரா என்று அவருக்கும் தெரியவில்லை. அப்புறம், அடுத்த வருஷம் உறவுக்காரர்களை அனுப்பினால் வசந்த பஞ்சமி முடிந்த கையோடு சொல்லிவிடுங்கள், இடித்ததில் பழைய அறைகள் பாதி போய்விட்டன, கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது என்றார்.